மலைப்பாதையில் பாரம் இழுக்கும் கெப் வாகனத்துக்குப் பின்புற ஸ்பிரிங் பலப்படுத்தும் முறை

நுவரெலியாவிலிருந்து விடியற்காலையில் தம்புள்ளைக்கு மரக்கறி ஏற்றிப் புறப்படும் கெப் வாகனங்களில் சிலவற்றின் பின்பக்கம் தரையைத் தொடுவது போலத் தாழ்ந்தும், முன்விளக்குகள் சாலையை விட்டு மரக்கிளைகளில் வெளிச்சம் பாய்ச்சியும் போவதை லபுக்கலைப் பக்கத்து மூடுபனியில் எதிரே வருகிற எவரும் கண்டிருப்பார்கள். அந்த வண்டியை ஓட்டுகிறவருக்கு ஸ்டீயரிங் இலேசாகிவிட்டது போலத் தோன்றும். குழியில் இறங்கும்போது பின்னால் 'டக்' என்று இரும்பு மோதும் சத்தம் கேட்கும். அதன் பிறகுதான் பெரும்பாலானோர் ஒரு கராஜைத் தேடிப் போய், "இரண்டு பட்டை கூடுதலாகப் போட்டுத் தாருங்கள்" என்று கேட்கிறார்கள். பட்டை என்பது ஸ்பிரிங்காக ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும் வளைந்த உருக்குத் தகடு. கேட்பதில் தவறில்லை. ஆனால் அந்தப் பட்டைகளைப் போடுவதற்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டிய வேலைகள் பட்டை போடும் வேலையைவிட முக்கியமானவை. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்தவர்களுக்காக அவற்றை வரிசையாக எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். ஸ்பிரிங்கைப் பலப்படுத்தினால் வண்டியின் பின்பக்கம் தாழாமல் நிற்குமே தவிர, அந்த வண்டி ஏற்றலாம் என்று அனுமதிக்கப்பட்ட எடை ஒரு கிலோகூட அதிகரிக்காது. அச்சு, சில்லுகளின் பேரிங், டயர், பிரேக், வண்டியின் அடிச்சட்டமான செசி ஆகிய எல்லாம் பழைய அளவுக்கே செய்யப்பட்டவை. புதுப் பட்டை போட்ட பிறகு வண்டி நிமிர்ந்து நிற்பதைப் பார்த்து இன்னும் ஐந்து மூடை ஏற்றுகிறவர், தாழ்ந்து நின்ற வண்டி தமக்குத் தந்துகொண்டிருந்த ஒரே எச்சரிக்கையையும் இழந்துவிடுகிறார்.

எடையை அறிந்துகொள்ளுதல்

முதல் வேலைக்குக் கருவி எதுவும் வேண்டாம். வாகனப் பதிவுச் சான்றிதழை எடுத்து, வெற்று எடையையும் மொத்த எடையையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். உதாரணமாக மொத்த எடை 2,900 கிலோ, வெற்று எடை 1,950 கிலோ என்று வைத்துக்கொண்டால் மிச்சம் 950 கிலோ. சாரதியும் உதவிக்கு வரும் இரண்டு பேருமாக 210 கிலோ போகும். பின்னால் பொருத்திய கூரைச் சட்டம், கயிறு, தார்ப்பாய், ஜக், கருவிப்பெட்டி எல்லாம் சேர்ந்து 60 கிலோ என்றால் 680 கிலோதான் எஞ்சும். 50 கிலோ உருளைக்கிழங்கு மூடைகளாகக் கணக்கிட்டால் அது 13 மூடை. பதினான்காவது மூடைக்கு அந்த வண்டியில் இடம் இருக்கலாம், எடை இல்லை. கழுவி ஏற்றும் கரட் மூடையில் தண்ணீரின் எடையும், மழை நாளில் ஏற்றும் பச்சைக் கொழுந்தில் ஈரத்தின் எடையும் சேர்ந்திருப்பதை மறக்கக் கூடாது.

காகிதத்தில் உள்ள எடையை அப்படியே நம்பாமல், ஒரு முறையாவது வாகனங்களை நிறுக்கும் தராசு மேடைக்கு வண்டியைக் கொண்டுபோங்கள். வழக்கமாக ஏற்றும் பாரத்துடன் முழு வண்டியையும் நிறுத்துவிட்டு, பின்சில்லுகள் மட்டும் மேடையில் நிற்கும்படி நிறுத்தி இன்னொரு முறை நிறுங்கள். பின்னச்சின் மேல் உண்மையில் இறங்கும் எடையை அப்படித்தான் உறுதியாக அறிய முடியும்.

டிரெயிலர் இழுப்பவர்களுக்கு இன்னொரு கணக்கு இருக்கிறது. டிரெயிலரின் கொக்கி வண்டியின் மேல் அழுத்தும் எடையும் வண்டியில் ஏற்றிய பாரமாகவே சேரும். அந்த எடை டிரெயிலரின் மொத்த எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காக இருப்பது நல்லது. அதைவிட வெகுவாகக் குறைந்தால் டிரெயிலர் வாலாட்டும். அளவுக்கு மிஞ்சினால் வண்டியின் முன்பக்கம் தூக்கும். வாகனத் தயாரிப்பாளர் கொக்கிக்கென்று ஒரு உச்ச எடை குறித்திருந்தால் அதைத் தாண்டவே கூடாது. 1,000 லீட்டர் தண்ணீர்த் தாங்கி ஏற்றிய ஒரு டிரெயிலர், தன் சொந்த எடை 300 கிலோவுடன் சேர்த்து 1,300 கிலோ இருக்கும் என்றால், கொக்கியில் இறங்குவது 130 கிலோ. ஆனால் கொக்கி பின்னச்சுக்கு நேரே இல்லை, அதற்குப் பின்னால் இருக்கிறது. முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையே 3 மீற்றரும், பின்னச்சிலிருந்து கொக்கிக்கு 1.2 மீற்றரும் இருந்தால், அந்த 130 கிலோ பின்னச்சில் 182 கிலோவாக இறங்கும். முன்னச்சிலிருந்து 52 கிலோ கழன்றுவிடும். கொண்டை ஊசி வளைவில் ஸ்டீயரிங் இலேசாவது போலத் தோன்றுவதற்குக் காரணம் அந்த 52 கிலோதான். கொக்கி எடையை அளக்க, சமதரையில் டிரெயிலரின் சில்லுகளுக்கு அடைகட்டை வைத்து, வழக்கமான கொக்கி உயரம் வரும்படி மரக்கட்டைகளை அடுக்கி, வீட்டில் ஆட்களை நிறுக்கும் தராசு ஒன்றை இடையில் வைத்தால் போதும். தராசின் உச்ச அளவை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது இருப்பது என்ன நிலையில் இருக்கிறது

வண்டி வெறுமையாக இருக்கும்போதும் பாரத்துடன் இருக்கும்போதும் சில்லின் நடுவிலிருந்து அதற்கு மேலே உள்ள மட்காட்டின் விளிம்பு வரை நான்கு மூலைகளிலும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பாரம் ஏற்றியதும் பின்னால் எவ்வளவு இறங்குகிறது, முன்னால் எவ்வளவு எழுகிறது, இடமும் வலமும் ஒரே அளவா என்பவை எல்லாம் அதிலேயே தெரிந்துவிடும்.

அடுத்து, செசியின் அடியில் அச்சுக்கு மேலே இருக்கும் ரப்பர் முட்டுக்கட்டையின் அடிமுகத்தில் கொஞ்சம் கிறீஸ் தடவிவிட்டு, வழக்கமான பாரத்துடன் வழக்கமான பாதையில் ஒரு நடை போய் வாருங்கள். திரும்பி வந்து பார்க்கும்போது அச்சின் மேல் கிறீஸ் வட்டமாகப் பதிந்திருந்தால் ஸ்பிரிங் கடைசி வரை அமுங்கி ரப்பரில் மோதியிருக்கிறது என்று பொருள். அடையாளம் இல்லையென்றால் உங்களுக்குத் தேவைப்படுவது புது ஸ்பிரிங்காக இல்லாமல் ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கும் புது ஷொக் அப்சோபராக இருக்கலாம்.

பட்டைகளையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். கம்பித் தூரிகையால் தேய்த்தால் வெடிப்பு இருக்கும் இடத்தில் மெல்லிய செந்நிறத் துருக்கோடு ஒன்று தெரியும். ஸ்பிரிங்கை அச்சோடு சேர்த்துக் கட்டும் யூ (U) வடிவப் போல்ட்டின் அருகில் பட்டையின் மேல் பளபளப்பாகத் தேய்ந்த ஒரு கீற்று இருந்தால் போல்ட் தளர்ந்து பட்டை அசைந்திருக்கிறது. வெடித்த பட்டையை வெல்டிங் செய்து போடுவதும், தட்டையான பட்டையை நெருப்பில் காய்ச்சி வளைத்துப் போடுவதும் நம் பக்கத்தில் நடக்கத்தான் செய்கின்றன. ஸ்பிரிங் உருக்குக்கு அதன் மீள்தன்மையைத் தருவது முறையான வெப்பப் பதமாக்கல். கேஸ் வெல்டிங் சுடர் பட்ட இடத்தில் அந்தப் பதம் போய்விடும். மலை இறக்கத்தில் ஓடும் வண்டிக்கு இந்த இரண்டையும் நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன்.

எதைத் தெரிவு செய்வது

பாரம் எப்போதும் ஏற்றப்படுகிறதா, சில நாட்களில் மட்டுமா என்ற கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொன்னால் தெரிவு எளிதாகிவிடும்.

வாரத்தில் ஐந்து ஆறு நாட்கள் பாரத்துடனே ஓடும் வண்டிக்கு, அந்தப் பாரத்துக்கென்றே கணக்கிட்டுச் செய்த முழு ஸ்பிரிங் தொகுதியை இரு பக்கமும் மாற்றுவதே சரி. செலவு கூடுதல், ஆனால் பட்டைகள் எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தி ஒன்றாக வேலை செய்யும். கொழும்பு பஞ்சிகாவத்தையில் பாவித்த ஸ்பிரிங் தொகுதிகளும் கிடைக்கின்றன. வாங்குகிறவர்கள் இடதையும் வலதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வளைவு ஒரே உயரமா என்று அளந்து பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம்.

இருக்கும் தொகுதியில் ஒரு உதவிப் பட்டையைச் சேர்ப்பது நம் ஊர்களில் பரவலான, சிக்கனமான வழி. இங்கே தடிப்பைப் பற்றி ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும். பட்டையின் விறைப்பு அதன் தடிப்பின் மும்மடிக்கு (தடிப்பு × தடிப்பு × தடிப்பு) ஏற்பக் கூடுகிறது. மற்ற அளவுகள் ஒன்றாக இருந்தால், 7 மில்லிமீற்றர் பட்டைக்குப் பதிலாக 8 மில்லிமீற்றர் பட்டை போடுவது விறைப்பை ஏறத்தாழ ஒன்றரை மடங்காக்கும். "கொஞ்சம் தடித்ததாகப் போட்டால் பலமாக இருக்கும்" என்று எண்ணிப் போட்ட வண்டி வெறுமையாகத் திரும்பும்போது, ஈரமான வளைவில் பின்சில்லுகள் துள்ளிப் பிடியை இழப்பதற்கு அந்த ஒரு மில்லிமீற்றரே போதும்.

சில நாட்களில் மட்டும் பாரம் ஏற்றுகிறவர்களுக்குக் காற்றுப் பைகள் வசதியானவை. பாரம் ஏற்றும்போது காற்றைக் கூட்டி, இறக்கியதும் தயாரிப்பாளர் சொல்லும் குறைந்தபட்ச அளவுக்குக் குறைக்கலாம். மலைப்பாதையில் ஓடும் வண்டிக்கு இடது பைக்கும் வலது பைக்கும் தனித்தனிக் காற்றுக்குழாய் இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே குழாயில் இணைத்தால், வளைவில் வண்டி சாயும்போது அமுங்கும் பக்கத்துக் காற்று மற்றப் பக்கத்துக்கு ஓடி, சாய்வை இன்னும் கூட்டிவிடும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பட்டை ஸ்பிரிங் தன் பாரத்தைச் செசியில் முன்னும் பின்னுமாக இரண்டு இடங்களில் பிரித்துக் கொடுக்கிறது. காற்றுப் பை நடுவில் ஒரே இடத்தில் தள்ளுகிறது. பின்னால் கனமான டிரெயிலரையும் மாட்டிக்கொண்டு, தாழ்வை மறைக்கப் பையில் காற்றை நிறைத்துக் குழிப்பாதையில் ஓடிய இரட்டை கெப் வாகனங்களின் செசி பின்கதவுக்கும் பெட்டிக்கும் இடையில் வளைந்துபோனதுண்டு. 2014இல் அறிமுகமான நிசான் நவாரா என்பி300 வகையின் இரட்டை கெப்கள் பலவற்றில் பின்னால் பட்டைக்குப் பதிலாகச் சுருள் ஸ்பிரிங் இருக்கிறது. அவற்றுக்குச் சுருளின் உள்ளே பொருந்தும் பைகள் தனியாக இருக்கின்றன.

ரப்பர் முட்டுக்கட்டைக்குப் பதிலாகப் பொருத்தும் உள்ளீடற்ற பெரிய ரப்பர் ஸ்பிரிங் எளிமையானது, காற்று ஒழுகும் கவலை இல்லாதது. அதன் குறை, ஓரளவு தாழ்ந்த பின்னரே அது வேலை செய்யத் தொடங்கும் என்பதே.

உதவிப் பட்டை பொருத்தும் வேலை

இந்த வேலையைப் பழகிய ஒருவரின் பக்கத்தில் நின்றே முதன்முறை செய்யுங்கள். இரண்டு தடவை செய்த பிறகும் எனக்கு அந்தத் துணை தேவைப்பட்டது.

முந்தைய நாள் இரவே யூ போல்ட் நட்டுகளின் துருவில் ஊறும் எண்ணெயை விட்டுவையுங்கள். இடம் சமமான கொங்கிறீட் தரையாக இருக்க வேண்டும். தோட்டத்து லயன் முற்றங்களிலும் சாலையோரங்களிலும் சமதரை என்று நாம் நினைப்பது பல வேளைகளில் சரிவுதான். ஒரு போத்தலைப் படுக்க வைத்து உருளுகிறதா என்று பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குவது என் வழக்கம். முன்சில்லுகள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் அடைகட்டை வையுங்கள். செசியைத் தூக்கி, இரு பக்கமும் உறுதியான ஸ்டாண்டுகளில் இறக்குங்கள். அச்சை வேறொரு ஜக்கில் தாங்கி நிறுத்துங்கள். ஜக்கை மட்டும் நம்பி வண்டியின் அடியில் எவரும் போகக் கூடாது. செங்கல்லையோ கருங்கல்லையோ அடுக்கி முட்டுக் கொடுக்கவும் கூடாது.

சில்லைக் கழற்றிய பின் ஷொக் அப்சோபரின் கீழ்ப் போல்ட்டைக் கழற்றுங்கள். பிரேக் குழாய், கைப்பிரேக் கேபிள், சில்லு உணரிக் கம்பி ஆகியவை இழுபடாத அளவுக்கே அச்சை இறக்க வேண்டும் என்பதால் கண்ணை அவற்றிலேயே வைத்திருங்கள். யூ போல்ட்டுகளைக் கழற்றியதும் அச்சை மெதுவாகத் தாழ்த்தி இடைவெளி உண்டாக்குங்கள்.

இனி வருவது ஆபத்தான கட்டம். பட்டைகள் அனைத்தையும் சேர்த்துப் பிடித்திருப்பது சென்டர் போல்ட். அதைக் கழற்றும்போது அமுங்கியிருந்த பட்டைகள் விரிந்து அடிக்கும் பலம் கையெலும்பை முறிக்கப் போதுமானது. எனவே போல்ட்டின் இரு பக்கத்திலும் பலமான கிளாம்ப் போட்டு இறுக்கிய பிறகே நட்டைக் கழற்ற வேண்டும். பிறகு இரண்டு கிளாம்ப்களையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். முகத்தையும் கைகளையும் பட்டை விரியும் திசையில் வைக்க வேண்டாம்.

பட்டைகளைத் துப்புரவாக்கி, புதியதை நீளத்தின் வரிசைப்படி அதற்குரிய இடத்தில் செருகுங்கள். தொகுதியின் தடிப்பு கூடிவிட்டதால் பழைய சென்டர் போல்ட் நீளம் போதாது. புதிய, நீளமான போல்ட்டைப் போட்டு, கிளாம்ப்களால் மீண்டும் அமுக்கி இறுக்குங்கள். அச்சை உயர்த்தும்போது அந்தப் போல்ட்டின் தலை அச்சு மேடையில் உள்ள துவாரத்தில் சரியாக உட்கார வேண்டும். அது விளிம்பில் ஏறி நின்றால் அச்சு கோணலாகிவிடும். விரலால் தடவிப் பார்த்தே உறுதி செய்யுங்கள்.

யூ போல்ட்டுகள் ஒரு முறை இறுக்கப்பட்டால் நீண்டுவிடும். அவற்றை மறுபடி பாவிக்காமல் புதியவற்றையே வாங்குங்கள். நான்கு நட்டுகளையும் குறுக்கு வரிசையில், சிறிது சிறிதாக, நான்கிலும் வெளியே தெரியும் மரை ஒரே நீளத்தில் இருக்கும்படி இறுக்குங்கள். கடைசி இறுக்கத்தை, இறுக்கும் பலத்தை அளந்து காட்டும் டோர்க் ரென்ச் கொண்டு உங்கள் வாகனத்தின் கைநூல் சொல்லும் அளவுக்குச் செய்யுங்கள். ஸ்பிரிங்கின் முனைகளில் சுருட்டியிருக்கும் கண்களில் உள்ள போல்ட்டுகளையும், ஒரு முனையைச் செசியோடு இணைத்து ஆடும் ஷெக்கிளின் போல்ட்டுகளையும் தளர்த்தியிருந்தால், வண்டியைத் தரையில் இறக்கி அதன் எடை சில்லுகளில் நின்ற பிறகே இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். மற்றப் பக்கத்தையும் அதே நாளில் முடித்துவிடுங்கள். ஒரு பக்கத்துக்கு மட்டும் பட்டை சேர்த்து வண்டியை ஓட்டக் கூடாது.

பலரும் விட்டுவிடும் பிரேக் கம்பி

என் வண்டிக்கு முதன்முறை ஒரு கராஜில் இரண்டு பட்டைகள் சேர்த்த பிறகு, உருளைக்கிழங்கு ஏற்றிக்கொண்டு இறம்பொடை இறக்கத்தில் வந்தேன். வண்டி நிமிர்ந்து அழகாக நின்றது. பாதி இறக்கத்தில் முன்சில்லுகளிலிருந்து எரிந்த வாடை வந்தது. பிரேக் மிதி வழக்கத்தைவிட ஆழமாக இறங்கியது. முதல் கியரில் ஊர்ந்து வந்து புசல்லாவையில் ஒரு கராஜில் நிறுத்தினேன். அங்கிருந்த வயதான பாஸ் வண்டியின் அடியில் டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "பட்டை போட்டவங்க இந்தக் கம்பியைத் தொடவே இல்லையே, தம்பி" என்று அச்சுக்கும் செசிக்கும் இடையில் இருந்த ஒரு மெல்லிய கம்பியைக் காட்டினார்.

பல கெப் வாகனங்களில் பின்பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு வால்வு செசியில் இருக்கிறது. அதிலிருந்து ஒரு கம்பி அச்சுக்குப் போகிறது. பாரம் ஏற்றிச் செசி தாழும்போது கம்பி வால்வை அசைத்து, பின்பிரேக்குக்குக் கூடுதல் அழுத்தம் கொடுக்கும். வெறுமையாக இருக்கும்போது, பின்சில்லுகள் பூட்டிக்கொள்ளாதபடி அழுத்தத்தைக் குறைக்கும். நாம் பட்டை சேர்த்துப் பின்பக்கத்தை உயர்த்திவிட்டால், 13 மூடை ஏற்றியிருந்தாலும் வண்டி வெறுமையாக இருப்பதாகவே அந்த வால்வுக்குப் படும். பின்பிரேக் பாதி வேலையோடு நின்றுவிட, முழு இறக்கத்தின் சூட்டையும் முன்பிரேக் சுமக்கும். ஆகவே ஸ்பிரிங் வேலை முடிந்தவுடன், அழுத்தமானி உள்ள ஒரு கராஜில் இந்தக் கம்பியைத் தயாரிப்பாளரின் முறைப்படி சரிசெய்து கொள்ளுங்கள். கம்பியை ஊகத்தில் வளைத்து வைப்பது அபாயம், ஏனெனில் பின்பிரேக் மிஞ்சிப் பிடித்தால் மழைச் சாலையில் வண்டி சுழன்றுவிடும். இலத்திரனியல் முறையில் பிரேக்கைப் பங்கிடும் புதிய வண்டிகளில் இந்தக் கம்பி இல்லாமலிருக்கலாம். அடியில் குனிந்து பார்த்தே முடிவு செய்யுங்கள்.

பொருத்திய பின்

முன்விளக்குகளின் உயரத்தைச் சரிசெய்யுங்கள். விறைப்பான ஸ்பிரிங்கின் துள்ளலைப் பழைய ஷொக் அப்சோபர் அடக்காவிட்டால் அதையும் மாற்ற வேண்டும். புறப்படும்போது அடியில் புதிதாக ஒரு அதிர்வு தெரிந்தால், பின்பக்கம் உயர்ந்ததால், கியர்பெட்டியிலிருந்து பின்னச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புறொப்பெல்லர் ஷாஃப்டின் கோணம் மாறியிருக்கலாம்.

டயரின் பக்கச் சுவரில் உள்ள பாரச் சுட்டெண்ணையும் வாசியுங்கள். 112 என்றால் ஒரு டயர், அதற்குரிய காற்றழுத்தத்தில், 1,120 கிலோ தாங்கும். காற்றை விடியற்காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போதே அளவிடுங்கள். நுவரெலியாவின் குளிரில் சரியாக நிரப்பிய டயர் தம்புள்ளை வெயிலில் சில புள்ளிகள் கூடிக் காட்டுவது இயல்பு. அங்கே காற்றைத் திறந்துவிட்டால் மலையேறித் திரும்பும்போது டயர் தொய்ந்திருக்கும்.

வண்டியின் அமைப்பை மாற்றியதைக் காப்புறுதி நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவித்துவிடுங்கள். மாற்றத்துக்கு அனுமதி தேவையா என்பதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்வதும் நல்லது.

முதல் ஓட்டத்தை வெறும் வண்டியுடன், பழகிய ஒரு வளைவுச் சாலையில் மெதுவாகச் செய்யுங்கள். அடுத்தது பாதிப் பாரம், அதன் பின்னரே முழுப் பாரம். கனமான மூடைகளைப் பெட்டியின் முன்பக்கச் சுவரோடு அணைத்து அடுக்கி, லீக்ஸ், கோவா போன்ற இலேசானவற்றைப் பின்னால் வையுங்கள். இறக்கத்தில், ஏறும்போது பாவித்த கியரிலேயே இறங்குங்கள். 100 கிலோமீற்றர் ஓடிய பின் யூ போல்ட்டுகளை மீண்டும் டோர்க் ரென்ச்சால் சோதியுங்கள். முதல் முழுப் பாரப் பயணம் முடிந்ததும் இன்னொரு முறை சோதியுங்கள், ஏனெனில் புதுப் பட்டைகள் ஒன்றோடொன்று அமர்ந்து நட்டுகள் சற்றுத் தளர்வது வழக்கம். அன்றே நான்கு மூலைகளின் உயரத்தையும் அளந்து, திகதியுடன் சாரதிக் கதவின் உட்புறத்தில் எழுதி ஒட்டிவையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை அதே அளவுகளை எடுத்து ஒப்பிட்டால், ஒரு பட்டை களைத்துத் தாழத் தொடங்கியிருப்பது கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே அந்தத் தாளில் தெரிந்துவிடும்.